ரிட்டயர் ஆன முதல் இரண்டு வருஷம்

தமிழ்நாடு அரசு ஊழியர் தன் பிறந்தநாளன்று ஓய்வு பெறுவதில்லை. அறுபது வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில், அதுவும் பிற்பகலில்தான் ஓய்வு. ‘இன்ன தேதி பிற்பகல் பணியிலிருந்து ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்’ என்றுதான் ஆணையில் இருக்கும். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே கணக்கு முடிந்துவிடும். ஆசிரியர்களுக்குத் தனி ஏற்பாடு. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்தாலும், பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது என்று ஆண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள்.

மே 31 அன்று ஓய்வு பெறுகிறவர்கள் கூட்டமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அறுபது வருஷத்துக்கு முந்தியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனபோது, தேதி தெரியாத பெற்றோருக்காக வாத்தியாரே தோதாக ஒரு தேதியை எழுதிக்கொண்டார். ஜாதகத்தில் ஐப்பசியில் பிறந்தவர் சர்டிபிகேட்டில் மே மாதத்துக்காரர் ஆனது இப்படித்தான். அரசாங்கத்துக்குச் சர்டிபிகேட்தான் கணக்கு. ஆகவே மே 31 மாலை தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதோ ஒரு மண்டபத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த மாலைக்கு மறுநாள் தொடங்கும் இரண்டு வருஷத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பு பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். அதற்குப் பிறகு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பணக் கணக்கு வேறு. மற்றபடி வீட்டுக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் பார்த்த வரையில், ஓய்வுக்காலத்தைக் கெடுக்கிற பெரிய தவறுகளில் பாதிக்கு மேல் முதல் ஆறு மாதத்தில் நடக்கின்றன. பாராட்டு, பணம், நேரம் மூன்றும் சேர்ந்தாற்போல் வந்து விழுகிற காலம் அது. மூன்றையும் ஒன்றாகச் சமாளித்து யாருக்கும் பழக்கமில்லை.

மாலையும் மோதிரமும்

பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்கு எழுதப்படாத நடைமுறை ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்பே அலுவலகத்தில் வசூல் தொடங்கும். மோதிரமா, குத்துவிளக்கா, கைக்கடிகாரமா என்று ஒரு விவாதம் நடக்கும். பவுன் விலை ஏற ஏற மோதிரம் இளைத்துக்கொண்டே வருகிறது. அரைப் பவுன் போட்ட அலுவலகங்கள் இன்று ஒரு கிராமில் நிற்கின்றன. சட்டம் போட்ட வாழ்த்து மடல் கட்டாயம் இருக்கும். மடலில் ‘பண்பின் சிகரமே’ வகையில் நான்கு வரியாவது வரும். பெரிய சங்கப் பொறுப்பில் இருந்தவர் என்றால் தெருமுனையில் ஃபிளெக்ஸும் நிற்கும்.

மேடையில் மனைவியையும் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவருக்கு ஒரு பட்டுச் சேலை. பேசுகிறவர்கள் எல்லாம் கணவரைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் “இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் அம்மாதான்” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். ஏற்புரை சொல்லும்போது பாதி வழியில் தொண்டை அடைக்கும். பிறகு சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் மாலையோடு காரில் ஏற்றி, சக ஊழியர்கள் இரண்டு மூன்று வண்டிகளில் பின்தொடர வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். வாசலில் ஆரத்தி எடுப்பார்கள், காபி கொடுப்பார்கள். “சார், அடிக்கடி ஆபீஸ் பக்கம் வாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

பேருந்து ஓட்டுநர்கள் கடைசி டிரிப் முடித்ததும் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குவதுண்டு. ரயில்வேயில் லோகோ பைலட்டின் கடைசி ஓட்டத்துக்குக் குடும்பமே பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கும், எஞ்சினுக்கும் மாலை விழும். முப்பது வருஷம் ஒரே இயந்திரத்தோடு வாழ்ந்தவர்களின் விழாக்களில் பேச்சு குறைவு. எனக்கு அவைதான் பிடிக்கும்.

மாலை ஐந்து மணி தாண்டும் வரை நிம்மதியாக மூச்சு விடாதவர்களும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறும் நாளிலேயே சஸ்பெண்ட் ஆணை கைக்கு வந்த கதைகள் எல்லாத் துறையிலும் கேட்கக் கிடைக்கும். அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாமல் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். வசூலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதம் இரண்டு பேர் ஓய்வு பெறுகிற பெரிய அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு இது சின்னச் செலவு அல்ல. ‘எனக்கு மோதிரம் வேண்டாம், மாலை போதும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்களை நான் மதிக்கிறேன்.

இடையில் இரண்டு வருஷம் தமிழ்நாட்டில் வயது முதிர்வு ஓய்வே இல்லாமல் போனது. 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020 மே மாதம் 59 ஆனது. அப்படி நீட்டிப்புப் பெற்றவர்கள் 59-ஐ எட்டுவதற்குள் 2021-இல் 60 ஆக்கப்பட்டது. 2020 மே கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் 2022 மே கடைசியில்தான் போனார்கள். இதனால் ஒரு புதுமையும் சேர்ந்துகொண்டது. ஓய்வும் சஷ்டியப்தபூர்த்தியும் ஒன்றாக வரத் தொடங்கின.

தமிழ் ஆண்டுகள் அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது வயது நிறையும்போது திரும்ப வரும். 1966 சித்திரைக்குப் பின் பிறந்தவர் பராபவ ஆண்டுக்காரர். 2026-இல் பராபவ மறுபடி வருகிறது. அந்த ஆண்டில், பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்வதுதான் சஷ்டியப்தபூர்த்தி. முன்பு ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து, கையில் இருக்கும் காசைப் பார்த்துச் செய்தார்கள். இப்போது சர்டிபிகேட் தேதி சரியாக இருந்தால் இரண்டும் ஒரே மாதத்தில் வரும். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள திருக்கடையூருக்குப் போய் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில் வருகிறவர்களோ என்று தோன்றும். மார்க்கண்டேயனுக்காகக் காலனைச் சிவன் உதைத்த தலம் என்பதால் ஆயுள் நீடிப்புச் சடங்குகளுக்கு அந்த ஊர்தான் பெயர் பெற்றது. வருஷம் முழுக்க, ஒரே நேரத்தில் பல தம்பதிகள் மாலையும் கழுத்துமாகப் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

செலவில் கவனம் வேண்டும். பணிக்கொடை இன்னும் கைக்கு வராத நிலையில், வரப்போகிறது என்ற தைரியத்தில் ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்துக் கடன் வாங்கியவர்கள் உண்டு.

பணம் வரும் விதம்

ஓய்வு பெறுகிறவருக்கு வரும் பணம் இரண்டு வகை. மாதாமாதம் வருவது ஓய்வூதியம். ஒரே தடவையில் வருவது நான்கு: பொது வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, கம்யூட்டேஷன். விடுப்பு மாநில அரசில் 240 நாள் வரை, மத்திய அரசில் 300 நாள் வரை காசாகும்.

முப்பது ஆண்டு தகுதியான பணி இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், அதன்மேல் அகவிலைப்படி. கேட்க எளிது. ஆனால் சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம், அதாவது எல்லாரும் சொல்லும் ஏ.ஜி. ஆபீஸ், பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது நகரும். 1994-இல் வாங்கிய ஊதிய உயர்வுக்குப் பதிவு இல்லை, இடைநின்ற காலம் ஒழுங்குபடுத்தப்படவில்லை என்று ஏதாவது ஆட்சேபம் வரும். விவரம் தெரிந்த எழுத்தர் கையில் கோப்பு இருந்தால் ஓய்வு பெறும் அன்றே ஆணை தயாராக இருக்கும். இல்லாவிட்டால் சில மாதம் இழுக்கும். அதுவரை தற்காலிக ஓய்வூதியம் கேட்டு வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கம்யூட்டேஷனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஓய்வூதியத்தில் ஒரு பங்கை அரசுக்கு விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்குவதுதான் அது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை, மத்திய அரசில் 40 சதவீதம் வரை விடலாம். ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு 10,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவருக்குரிய காரணியான 8.194-ஆல் பெருக்கினால் 9,83,280 ரூபாய் கையில் கிடைக்கும். அதற்காக மாதம் 10,000 வீதம் 15 ஆண்டு பிடிப்பார்கள். மொத்தப் பிடித்தம் 18 லட்சம். “இது அநியாய வட்டி” என்று ஓய்வூதியர் சங்கங்கள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. மறுபக்கமும் உண்டு. அகவிலைப்படி குறைக்காத முழு ஓய்வூதியத்துக்கே கணக்கிடப்படும். இடையில் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மீதிப் பிடித்தத்தைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள். அரசு ஊழியர் வாங்கும் கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரியும் கிடையாது. வீட்டுக்கடனோ வேறு வட்டிக்கடனோ இருந்தால் வாங்கி அடைப்பது புத்திசாலித்தனம். கடன் எதுவும் இல்லாமல், ‘எல்லாரும் வாங்குகிறார்கள்’ என்பதற்காக வாங்கி வங்கியில் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. முழுதாகத்தான் விட வேண்டும் என்பதும் இல்லை.

எல்லாம் சேர்ந்து, பதவியைப் பொறுத்து, முப்பது நாற்பது லட்சம் ஒரு சேமிப்புக் கணக்கில் வந்து உட்காரும். வாழ்நாளில் அந்தக் கணக்கு அப்படி ஒரு தொகையைப் பார்த்ததே இல்லை. முதலில் அதைப் பார்ப்பவர் வங்கி ஊழியர். “சார், ஒரு நிமிஷம் உள்ளே வாங்க” என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். ‘ஐந்து வருஷம் கட்டினால் போதும், இரட்டிப்பாகும்’ என்று காப்பீட்டுப் பாலிசி ஒன்றை டெபாசிட் போலவே விளக்குவார். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் காட்டித் திட்டு வாங்கியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். சிறு கழிவுகள் போகப் பணம் வந்துவிடும்.

அடுத்து வருபவர் மனைத் தரகர். ‘பைபாஸ் பக்கம், இரண்டு வருஷத்தில் மூன்று மடங்கு’ என்பார். அடுத்தவர் சொந்தக்காரர், மாதம் இரண்டு வட்டி தரும் நிதி நிறுவனத்தைச் சொல்வார். அவரே அதில் போட்டிருப்பார், நல்லெண்ணத்தில்தான் சொல்வார். இப்படிப் பணத்தை இழந்தவர்களுக்காகவே தமிழ்நாடு 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றும் புதிய வழக்குகள் பதிவாகிக்கொண்டிருக்கின்றன என்பதே போதும்.

கடைசியாக வருபவர் வீட்டிலேயே இருப்பவர். “அப்பா, மேலே ஒரு மாடி எடுத்துடலாம்ப்பா, வாடகை வரும்” என்று மகன் சொல்வான். மருமகனுக்குத் தொழிலில் ஒரு முட்டு இருக்கும். இதில் ‘முடியாது’ என்பதைவிட ‘ஒரு வருஷம் ஆகட்டும்’ என்று சொல்வது எளிது, உறவும் கெடாது. அந்த ஒரு வருஷத்துக்குப் பணத்தை எங்கே வைப்பது? அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். அப்போதிருந்து வட்டி 8.2 சதவீதம். முப்பது லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் ஏறும். ஐந்தாண்டுத் திட்டம், நடுவில் எடுத்தால் சிறிது வெட்டு உண்டு. போட்ட அன்று இருந்த வட்டி ஐந்து வருஷமும் மாறாது. இன்னும் முடிவுக்கு வராத பணத்தை ஓராண்டு டெபாசிட்டில் வையுங்கள், ஒரே வங்கியில் கொட்ட வேண்டாம். வங்கி ஒன்று முழுகினால் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு.

தொலைபேசியில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ‘கருவூலத்திலிருந்து பேசுகிறேன், ஓய்வூதியம் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்பார்கள். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். முப்பது வருஷம் அடுத்தவர் கோப்பில் குறை கண்டுபிடித்தவர்களே இதில் விழுகிறார்கள். மேலதிகாரி குரலுக்குப் பணிந்து பழகியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் ஓர் ஆள் கூடுதல்

முதல் மாதம் சொகுசாகப் போகும். விடியற்காலை நடை, இரண்டு பேப்பர், பதினோரு மணிக்கு இன்னொரு காபி. இரண்டாவது மாதம் கண் வீட்டின் மேல் விழும். பருப்பு டப்பாவில் பெயர் ஒட்டியிருக்காது. மோட்டார் நாற்பது நிமிஷம் ஓடும். “வேலைக்கு வர்றவங்க எட்டு மணிக்கு வரணும்னு சொன்னியா இல்லையா?” என்று ஒரு விசாரணை நடக்கும். அலுவலகத்தில் இருபது பேரை மேய்த்தவருக்கு வீட்டில் கிடைக்கும் ஒரே ஊழியர் மனைவிதான். அந்த அம்மாவோ முப்பது வருஷமாகக் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை அந்த வீட்டுக்குத் தனி ராணியாக இருந்தவர். மதியம் ஒரு மணி நேரம் படுப்பார், பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசுவார், சீரியல் பார்ப்பார். அந்த நேரம் முழுவதும் போய்விடுகிறது. மதியமும் இப்போது சூடாகச் சாப்பாடு வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றது ஒருவர், வேலை கூடியது இன்னொருவருக்கு.

இதற்குத் தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டு வேலையில் இரண்டை முழுதாக எடுத்துக்கொள்வதுதான். ‘உதவி செய்கிறேன்’ என்று நடுவில் புகுவது வேறு. காய்கறி வாங்குவதும் காலை டிபனும் என்னுடையது என்று எடுத்துக்கொள்வது வேறு. ஆரம்பத்தில் கத்தரிக்காய் சொத்தையாகத்தான் வரும்.

ஓய்வு பெறுவது பெண் என்றால் கதையே மாறுகிறது. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற ஒருவர் மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போடுகிறார், அதற்கு முந்தின நாள் வரை செய்ததைப் போலவே. வித்தியாசம், ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு வெளியேறும் உரிமை போய்விட்டது. “அம்மாதான் இப்ப வீட்ல இருக்காங்களே” என்று பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள், நிறுத்தின வேலைக்காரம்மாவை மறுபடி வைப்பதில்லை. பேரனோடு இருப்பது சந்தோஷம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று முதல் மாதத்திலேயே பேசிவிட வேண்டும். மூன்றாவது மாதத்தில் பேசினால் அது சண்டை.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தொலைபேசி அடிப்பது நின்றுவிடும். ஒரு நாளைக்கு நாற்பது ‘சார்’ கேட்ட காது சும்மா இருக்கும். அதனால் பழைய ஆபீஸ் பக்கம் கால் போகும். முதல் தடவை போனால் எல்லாரும் எழுந்து நின்று டீ வாங்கித் தருவார்கள். இரண்டாம் தடவை டீ மட்டும் வரும். மூன்றாம் தடவை உட்கார நாற்காலி தேட வேண்டியிருக்கும். அவர்கள் மேல் குற்றமில்லை, வேலை கிடக்கிறது. பென்ஷன் கோப்புக்காக அல்லாமல் முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது இரு தரப்புக்கும் மரியாதை.

காசியும் கலிபோர்னியாவும்

முதல் பயணம் பெரும்பாலும் காசி. முறைப்படி செய்கிறவர்கள் முதலில் ராமேஸ்வரம் போய்க் கடல் மணல் எடுத்து, அதைப் பிரயாகை திரிவேணி சங்கமத்தில் சேர்த்து, காசி கயா முடித்து, கங்கை நீரோடு ராமேஸ்வரம் திரும்பி ராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள். காசியில் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட வேண்டும் என்பது வழக்கம். மாம்பழத்தை விட்டவரை நான் பார்த்ததில்லை. முதியோருக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை, ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. திரும்ப வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அறுபது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். அதிகாரியாக ஓய்வு பெற்ற சிலர் அதை வாங்க வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் மகள் பிரசவத்துக்காகத்தான். அமெரிக்கா என்றால் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். முதல் மாதம் ஊர் சுற்றுவது, இரண்டாம் மாதம் முதல் குழந்தையும் பாத்திரமும். கணவர்தான் அங்கே அதிகம் திணறுகிறார். கார் ஓட்ட முடியாது, நடந்து போக டீக்கடை இல்லை. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்குப் பயணக் காப்பீடு பொதுவாகக் கைகொடுக்காது. ஆறு மாத மாத்திரையை மருத்துவர் சீட்டோடு கொண்டு போவதுதான் வழி.

வெளியூர் கிளம்பும் முன் நேர்காணல் மாதம் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் ஓய்வு பெற்ற மாதத்திலேயே ஆண்டுதோறும் தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மே மாதம் ஓய்வு பெற்றவருக்கு ஒவ்வொரு மேயும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். கருவூலத்துக்கு நேரில் போகலாம். 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் வழியாகக் கைபேசியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். தபால்காரரை வீட்டுக்கு வரச்சொன்னால் 70 ரூபாய் வாங்கிக்கொண்டு விரல் ரேகை எடுத்துப் போவார்.

பிறகு என்ன செய்வது

ஓய்வு பெற்ற பிறகும் பெரிய வேலைகளைச் செய்து முடித்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-இல் ஓய்வு பெற்றபோது வயது 64. பெருங்கதை 1924-இல் வந்தது, குறுந்தொகைப் பதிப்பு 1937-இல், தன் வரலாற்றை எழுதத் தொடங்கியது எண்பது தாண்டிய பிறகு. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து 1980-இல் விருப்ப ஓய்வு பெற்று, தினமணி ஆசிரியராக இருந்து, பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலை 2003-இல் வெளியிட்டார். ஆனால் இவர்கள் இருவரும் பணியில் இருந்தபோதே அந்த வேலையில் ஊறியவர்கள். ரிட்டயர் ஆனதும் வீணை கற்கப் போகிறேன் என்பவர்கள் ஐம்பத்தைந்திலேயே ஆரம்பித்துவிடுவது நல்லது. அறுபதில் தொடங்கினால் தப்பில்லை, மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல அதை முதல் மாதம் மட்டும் கொண்டாடிவிட்டு விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலோருக்குப் பெருநூல் வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே போக ஒரு காரணம் இருந்தால் போதும். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள், மற்றவர்களுக்குப் பட்டா மனு எழுதிக் கொடுக்கும் முன்னாள் வருவாய்த் துறைக்காரர்கள், கோயில் கணக்குப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வூதியர் சங்கத்தில் சேருவதும் ஒரு வேலைதான், வெட்டிப்பேச்சு இடம் அல்ல. டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது எதற்கு? 1982-இல் அந்த நாளில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, ஊழியரின் உரிமை என்ற நிலையை உறுதி செய்தது. நகரா ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி. ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்று பிரித்ததை எதிர்த்துத்தான் அவர் வழக்குப் போட்டார்.

இவ்வளவும் பென்ஷன் உள்ளவர்களின் கதை. தனியார் ஆலையில் 58 வயதில் வெளியே வருகிறவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 என்று வரம்பு இருப்பதால், அந்த வரம்பில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தவருக்கும் 7,500-தான். அவருக்கும் மாலை போடுவார்கள், வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த மாதமே அவர் ஏதோ ஓர் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நிற்பார். காசிப் பயணமும் பேரன் கொஞ்சலும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விஷயங்கள்.

கடைசியாக ஒன்று. இதை விழா பரபரப்பில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஓய்வூதியர் மறைந்தால் குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு அல்லது கணவருக்குப் போகும். வழக்கமான விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். எண்பது வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும், நூறு நிறைந்தால் இரட்டிப்பாகும். இதெல்லாம் ஓய்வூதிய ஆணையில் உள்ள துணைவரின் பெயர், பிறந்த தேதியை வைத்துத்தான் நடக்கும். ஆணையில் ‘ராஜேஸ்வரி’ என்றும் ஆதாரில் ‘ராஜேஸ்வரி அம்மாள்’ என்றும் இருந்தால், துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அந்த அம்மா கருவூலத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு மனுவில் முடிகிற வேலை இது. பீரோவைத் திறந்து அந்த ஆணையை எடுத்து, ஆதாரைப் பக்கத்தில் வைத்து இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.